ஒரு தலை, இரண்டு வேண்டுதல்

குளிக்கும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது. இடது மார்பின் ஓரத்தில், சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் போய்க் காட்டிவிடுங்கள்.

பயாப்சி (ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்த அன்று, மார்பில் புற்று என்று டாக்டர் சொன்னார். முதலில் ஆபரேஷன், பிறகு கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவது), கடைசியில் கதிர்வீச்சு. என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும், "அந்தம்மா இன்னா சொல்லிச்சு?" என்று என்னிடமே கேட்டார்.

அன்று சாயங்காலம் அவர் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டார். எனக்குக் குணமானால் மொட்டை போடுவதாக. அவர் தலையை அல்ல, என் தலையை. அதே சாயங்காலம் அவருடைய அக்கா, திருவேற்காட்டில் இருக்கிற என் அண்ணி, அந்த ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். அதுவும் என் தலைதான். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று அக்கா தம்பி இருவருக்குமே நம்பிக்கை. அதனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில் வந்தது, தலையணையில் கிடந்தது, ஒருநாள் தலையைத் துவட்டியபோது துண்டோடு கொத்தாக வந்துவிட்டது. பார்க்க வந்த அண்ணி வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, ஆத்தாவுக்கு வேண்டிகினு கீற முடியாச்சே!"

என் கணவர் திடுக்கிட்டார். "அக்கா, நீயுமா? நான் முருகனுக்கு வேண்டிகினு கீறேன்."

நான் வாளியை மடியில் வைத்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, இல்லாத முடி எந்த சாமிக்குச் சேரும் என்று இரண்டு பேரும் வழக்காடினார்கள். என் தலையில் இருந்த வரைக்கும் அது என் முடி என்றுதான் நினைத்திருந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் தெம்பு இல்லை.

கடைசியில் அண்ணிதான் தீர்ப்புச் சொன்னார். "உடு, திரும்ப வளரும். வளந்ததும் பாத்துக்கலாம். நீ அதுவரிக்கும் தெனம் ஆத்தாவுக்கு ஒரு நன்றி சொல்லிகினு இரு."

எதற்கு நன்றி? எனக்குக் கோபமாக வந்தது. வாயெல்லாம் புண். தண்ணீர்கூடத் தகரம் மாதிரி ருசித்தது. ஆனாலும் மறுத்துப் பேச அலுப்பாக இருந்ததால் சொல்லத் தொடங்கினேன். இன்றைக்கு மோர் சாதம் உள்ளே நின்றது, நன்றி. இன்றைக்கு நர்ஸுக்கு முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது, நன்றி. மனசு ஒட்டாமல், கடனே என்று, வாயால் மட்டும் சொன்னேன். சில நாட்கள் அதையும் சொல்லவில்லை. அதற்காக அம்மன் என்னைக் கோபித்ததாகத் தெரியவில்லை. நன்றி சொல்லச் சொல்லி உங்களையும் யாராவது படுத்தலாம். மனசு வரவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

கதிர்வீச்சு முடிந்து கொஞ்ச காலத்தில் முடி முளைத்தது. பழைய முடி இல்லை. சுருட்டையாக, பூனைக்குட்டி முடிபோல மெத்தென்று. என் உடம்பில் வெட்டியதும் தைத்ததும் சுட்டதும் போக, தானாக வந்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதை இழக்க எனக்கு மனசே இல்லை.

அடுத்த செக்கப்புக்கு அண்ணியும் கூட வந்தார். "டாக்டர், இவுளுக்குக் கொணமாயிட்ச்சா?"

"ரெமிஷன்ல இருக்காங்க," என்றார் டாக்டர். (நோய் அடங்கியிருக்கிற நிலை.)

"அது சரிங்க. கொணமா, இல்லியா? சாமிக்குப் பதில் சொல்லணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வார்த்தையை இப்ப நான் சொல்ல முடியாதும்மா. இன்னும் சில வருஷம் பாக்கணும்."

அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம். குணமானால்தானே மொட்டை? குணமென்று டாக்டரே சொல்லவில்லையே! முடி தப்பித்தது.

அதன் பிறகு அண்ணி எப்போது போன் செய்து "எப்டி கீறே?" என்று கேட்டாலும், "இன்னும் முழுசா சரியாவல அண்ணி" என்றே சொல்லிவந்தேன். பசி எடுத்தது, சொல்லவில்லை. தூக்கம் வந்தது, அதையும் சொல்லவில்லை. சொன்னால் முடி போய்விடும்.

ஒருநாள் அண்ணனூர் ஸ்டேஷன் படிகளை நிற்காமல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான் மூச்சு வாங்கவில்லை என்று உறைத்தது. கையில் காய்கறிப் பை வேறு. நடுப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற காலம் நினைவுக்கு வர, உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்தேன். அண்ணி பெயரைப் பார்த்ததும் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டேன். அப்போதுதான் மனசு கசந்தது. நான்கு விரல்கடை முடிக்காக என் நல்ல உடம்பை நானே ஒளித்துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம், "திருவேற்காட்டுக்குப் போலாம்" என்றேன்.

"டாக்டர் இன்னும் சொல்லலியே?"

"அவங்க சொல்றப்ப சொல்லட்டும். இது அதுக்கு இல்ல. இதுவரிக்கும் வந்ததுக்கு."

"அப்ப முருகனுக்கு?"

"அது நீங்க வேண்டினது. உங்க தலையைக் குடுங்க."

அடுத்த கிருத்திகைக்கே ரயிலேறிப் போய் மழமழவென்று திரும்பி வந்தார்.

திருவேற்காட்டுக் கோயிலில் மொட்டை போடுகிற இடத்தில் நான் உட்கார்ந்தபோது அண்ணிக்கே மனசு தாங்கவில்லை. "பூமுடி குடுத்தா போதும்டி. மூணு தபா கத்திரி வெச்சி எடுத்தா ஆத்தா ஏத்துக்குவா."

"இல்ல அண்ணி. முழுசா."

தண்ணீரைத் தெளித்துத் தலையை நனைத்தார்கள். சென்ற முறை என்னை யாரும் கேட்கவில்லை. அது பாட்டுக்குப் போயிற்று. இந்த முறை நானே குனிந்தேன். ஈர முடி மடியில் விழ விழ அழுதேன். அந்த அழுகையில் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. கூடவே நன்றியும் இருந்தது, முதல் தடவையாக, யாரும் சொல்லச் சொல்லாமல்.

அடுத்த ஸ்கேன் தை மாதம். அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் அதுவரை உள்ள நாட்களைக் காத்திருக்கும் நாட்கள் என்றே நினைப்பேன். இப்போது அவற்றில் சமைக்கிறேன், களைத்துப்போகிறேன், மத்தியானம் படுத்துத் தூங்குகிறேன். உடம்பு பழையபடி இல்லை. இடது கையைத் தூக்கினால் இன்னும் இழுக்கிறது.

அன்று கோயிலில், என் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிவிட்டுக்கொண்டே அண்ணி வழக்கம்போலக் கேட்டார். "எப்டி கீறே?"

"நல்லா கீறேன், அண்ணி."