அடுப்புக்கு மேலே தொங்கிய சோளம்

1. போளூரில் ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ் வாங்கினேன். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போனது.
2. பஸ்ஸில் மடியிலேயே வைத்து மலைக்குக் கொண்டுவந்தேன்.
3. அன்றே விறகடுப்பை அணைத்தோம்.
4. அம்மாவின் இருமல் குறைந்தது.
5. வீட்டுக்கார அக்காவின் விதைச் சோளத்தில் வண்டு விழுந்தது.

ஐந்தாவதை நானும் எதிர்பார்க்கவில்லை, அக்காவும் எதிர்பார்க்கவில்லை.

மலை ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிப்பது என் வேலை. ஊசி போடாத என்னையும் இங்கே நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். துணைக்கு வந்த அம்மாவுக்கு விறகுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் ஸ்டவ். விலைக்கு அது உழைக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரத்தில் கரி இல்லை. அம்மா படுத்ததும் தூங்கினாள். சுத்தமான சமையலறையைப் பார்த்த அக்காவுக்கும் சந்தோஷம். சுவருக்குத் தானே வெள்ளையடித்துக் கொடுத்தார்.

அடுத்த விதைப்புக்கான கதிர்களை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவது இங்கே வழக்கம். புகை பட்டால் வண்டு அண்டாது. எங்களுக்கு வாடகைக்கு விட்ட சமையலறையில்தான் அக்காவின் கதிர்களும் தொங்கின. வெள்ளையடிக்கும்போது இருவரும் சேர்ந்து அவற்றை இறக்கி, மறுபடி மாட்டினோம். புகை நின்றுபோனது இருவருக்குமே தோன்றவில்லை.

மழை தொடங்கியதும் அக்கா கதிர்களை உதிர்த்தார். பாதிக்கு மேல் மாவாகக் கொட்டியது.

"பொகைய தொரத்திட்டு பூச்சிய குடி வெச்சிட்டியே, நர்ஸம்மா," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை அந்த மாவைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தது.

அம்மா பயந்துவிட்டாள். ஸ்டவ்வை விற்றுவிடலாம், இருமலைப் பொறுத்துக்கொள்கிறேன் என்றாள். முடியாது என்றேன். அக்காவிடமும் மறைக்கவில்லை.

"ஸ்டவ் இருக்கட்டும்க்கா. பொகையும் இருக்கும். அம்மா மட்டும் அங்க இருக்க மாட்டாங்க."

"அப்ப அடுப்ப யாரு எரிப்பா?"

"நான்தான்."

"நீயா? ஊதாங்குழல எந்தப் பக்கம் ஊதறதுன்னாவது தெரியுமா?"

தெரியாது. கற்றுக்கொண்டேன். தேறிய விதையை அக்கா கீழ்க் கொல்லையில் போட்டார்; விதை எட்டாத மேல்துண்டு நிலத்தில் சோளத்துக்குப் பதில் சாமை விதைத்தார். அறுவடையில் வந்த புதுக் கதிர்கள் அடுப்புக்கு மேலே ஏறின.

இப்போது அம்மா முன்னறையில் ஸ்டவ்வில் சமைக்கிறாள். நடுக்கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் நான் விறகடுப்பில் வெந்நீர் போடுகிறேன். இருமல் முழுதாக நிற்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் சமையலும் என் தலையில்தான். வேலை ஒன்றும் மிச்சமாகவில்லை. ஆனாலும் ஸ்டவ்வை விற்கப்போவதில்லை.