மல்லாட்டையும் மல்லாக்கவும்

என் அண்ணி லாரியை மறித்தது உண்மை. எப்படி மறித்தார் என்பதில்தான் ஊர் உலகத்துக்கே குழப்பம்.

வானூர் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரியைத் தூர் வாருவதாகச் சொல்லிக்கொண்டு, லாரி லாரியாக மண் அள்ளினார்கள். இன்னும் ஆழம் போனால் கரையை ஒட்டிய அண்ணியின் கிணற்றில் தண்ணீர் நிற்காது. குடும்பமே அந்தக் கிணற்றை நம்பித்தான் இருந்தது. மனு கொடுத்துப் பார்த்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் காலை, பிடுங்கிய மல்லாட்டை மொத்தத்தையும் ஏரிக்குப் போகும் ஒரே தார்ச்சாலையில் காயப்போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். பக்கத்து நிலத்துப் பெண்கள் மூன்று பேரும் தங்களுடையதைக் கொண்டுவந்து கொட்டினார்கள். விளைந்த பண்டத்தின் மேல் சக்கரத்தை ஏற்ற எந்த டிரைவருக்கும் மனம் வரவில்லை. காய்ந்து முடியும்வரை ஒரு லாரியும் போகவில்லை.

திண்டிவனத்தில் வேலையிலிருந்த நான் பெருமை தாங்காமல் ஃபேஸ்புக்கில் எழுதினேன்: ‘எங்க அண்ணி மல்லாட்ட போட்டு லாரிய மறிச்சாங்க.’ நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது என்று வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒரு புண்ணியவான் எழுத்துப்பிழை என்று நினைத்து, ‘மல்லாக்கப் படுத்து லாரியை மறித்த வீரப்பெண்’ என்று திருத்திப் பகிர்ந்துவிட்டார். அது வாட்ஸ்அப் வழியாக எங்களிடமே திரும்பி வந்தபோது, லாரி அண்ணியின் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. மார்பில் ஒரு கைக்குழந்தை வேறு. அண்ணியின் மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற மூன்று பேர் எங்கே போனார்கள் என்று கேட்டார், அவர்களையும் சேர்த்துத் திருத்தி எழுதச் சொன்னார். எழுதினேன். யாரும் சீந்தவில்லை.

பயிர் இல்லாத மாதமாகப் பார்த்து லாரிகள் மறுபடி வந்தன. காயப்போட யாரிடமும் ஒன்றுமில்லை. அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலைக்குப் போனார். லீவுக்கு ஊருக்கு வந்திருந்த நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

“நான் படுத்தேன்னு ஊரே நம்பிக்கினு இருக்குது. டிரைவருங்களும் அதத்தான படிச்சிருப்பாங்க?” என்று சொல்லிவிட்டு, கொதிக்கிற தாரில் மல்லாக்கப் படுத்துவிட்டார்.

அந்த மூன்று பேரும் ஓடிவந்து வரிசையாகப் படுத்தார்கள். நானும் புடவையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். முதல் லாரி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, “அந்தம்மாதான்டா” என்று பின்னால் வந்தவனிடம் சொல்லிவிட்டு ரிவர்ஸ் எடுத்தான்.

அந்தக் கோடையில் அண்ணியின் கிணறு வற்றவில்லை. வாட்ஸ்அப்பில் வந்தது பொய் என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாதாடவில்லை.