குரக்கன் தோட்டத்துச் சிலுவை

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எங்கள் சரவணை ஊரில் என் கை கட்டிய வெருளிக்கு நிகரான வெருளி கிடையாது. பூவரசந்தடி இரண்டைக் குறுக்கே வைத்துக் கட்டி, உச்சியில் கரிப்பானையைக் கவிழ்த்து, என் மனுசனின் பழஞ்சட்டையை மாட்டிவிட்டால், கதிர் தின்ன வருகிற கிளி மட்டுமல்ல, வீதியால் போகிற, ஊரை ஆளுகிற விதானையாரும் ஒருமுறை திடுக்கிட்டுத்தான் போவார்.

அது அரிசிக்குத் தட்டுப்பாடான வருடம். கிணற்றடித் தோட்டம் முழுவதும் குரக்கன் போட்டிருந்தோம். மாரி வரைக்கும் எங்கள் சாப்பாடு அந்தக் கதிர்களில்தான் இருந்தது. கதிர் முற்றுகிற நேரம் பார்த்துச் சோழகக் காற்று வீசியது. விடியப் போய்ப் பார்த்தால், பானை உடைந்து கிடக்கிறது, சட்டையைக் காணவில்லை, தடிகள் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன.

வேறு பானை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அடுத்த வளவுக்காரி தடிக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறாள். கடல்தொழில் செய்கிற வேதக்காரக் குடும்பம், மாதா கோயில் பூசைக்குப் போகிற வழி. மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி, நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் பானையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வேலியோடு வேலியாக நின்றேன்.

நான் காலால் மிதித்து நட்ட அதே தடிதான். ஆனால் இப்போது அதன் தலையில் கரிப்பானை கவிழ்க்கக் கை வரவில்லை.

மனுசனிடம் சொன்னேன்.

"வேதத்துக்கு மாறிப்போட்டீரோ? பிடுங்கி எறியும்!"

"நீங்கள் பிடுங்குங்கோவன் பாப்பம்."

வீராப்பாக வந்தவர், உருகிக் கிடந்த மெழுகுதிரியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். தோட்டத்து மூலையில் வேம்படியில் எங்கள் வைரவர், ஒரு சூலமாக நின்றுகொண்டிருந்தார். "வைரவர் பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது," என்று மனுசன் திரும்பிப் போய்விட்டார்.

நாலு நாள், நாலு மெழுகுதிரி. கிளிகள் சிலுவையின் இரண்டு கையிலும் வரிசையாக இருந்து, இறங்கி இறங்கித் தின்றன. கால்வாசிக் குரக்கன் போய்விட்டது. ஐந்தாம் நாள் பொறுக்க ஏலாமல் வேலியடிக்குப் போனேன்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ அக்கா."

"நீர் கும்பிடுறது என்ரை வெருளியை."

அவள் வாயைப் பொத்தினாள். "என்ரை மாதாவே! நீங்கள் ஏதோ நேத்தி வைச்சு நட்டிருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன்! பாத்தும் பாராத மாதிரிப் போனால் உங்களுக்கு மனம் நோகுமெண்டு, இருந்த மெழுகுதிரியெல்லாம் கொளுத்திப்போட்டன்!"

"உமக்கு நோகுமெண்டு நான் கிளியளுக்கு விருந்து வைச்சுக்கொண்டு நிக்கிறன்!"

இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவளே வந்து பானையை வாங்கிக் கவிழ்த்தாள். "சுவாமியார் ஆசீர்வதிச்சால்தான் அக்கா சிலுவை. இது வெறுந்தடி." தன் மனுசனின் சட்டையையும் மாட்டினாள். பிறகு வேம்படியைப் பார்த்து, திரும்பவும் சிரிக்கத் தொடங்கினாள்.

"இன்னும் என்ன சிரிப்பு?"

"கோவிக்கமாட்டியளோ?"

"சொல்லும்."

"உங்கடை வைரவர், எங்கடை மாமா மீன் குத்தின மூண்டு முள்ளு ஈட்டி அக்கா. வேம்பிலை சாத்தி வைச்சிட்டுப் போனவராம். அடுத்த நாள் வந்து பாத்தால், உங்கடை மாமி சந்தனம் பூசிப் பூவும் வைச்சிட்டா. திருப்பிக் கேட்டால் மனம் நோகுமெண்டு, பேசாமல் வேறை ஒண்டு செய்விச்சவர்."

வெள்ளிக்கிழமைகளில் மீன் சட்டியைத் தொடாமல், தலை முழுகி, பதினெட்டு வருடம் நான் விளக்கு வைத்த வைரவர்! ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா?

"எங்கடை மாமி தெரியாமல் ஒண்டும் செய்யிறவ இல்லை," என்றேன்.

மிச்சக் குரக்கன் தப்பியது. அந்த வெள்ளிக்கிழமையும் முழுகிவிட்டு விளக்கோடு போனேன். முதல்முறையாகக் குனிந்து கிட்டப் பார்த்தேன். நடு முள்ளு கொஞ்சம் வளைந்திருந்தது. பெரிய மீனாகத்தான் இருந்திருக்கும். விளக்கை ஏற்றிக் கும்பிட்டேன். மனுசனுக்குச் சொல்லவில்லை, அவருக்கு மனம் நோகும்.