நாலு முட்டைக்காக நின்ற தளம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் குரோம்பேட்டையில் வாடகைக்குக் குடியிருந்தோம். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த அரை கிரவுண்டில் வீடு கட்டத் தொடங்கியிருந்தோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இருவருக்கும் இயற்கையின் மேல் அக்கறை வர வேண்டும் என்பதில் எனக்கு அப்போது பெரிய பிடிவாதம். அதற்காக நான் செய்தவற்றை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

முழுச் சார்ட் ஒன்றை வாங்கி வந்து, தண்ணீரைச் சேமிப்பது பற்றிப் படம் வரையச் சொன்னேன். மகள் அதற்குப் பள்ளியில் பரிசு வாங்கினாள். ஆனால் வரைந்து முடித்துப் பிரஷ்ஷைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்ததில், மேல்தொட்டி முழுக்கக் காலியானது. வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனேன். தூங்கிக்கொண்டிருந்த நரியை எழுப்ப மகன் வேர்க்கடலையை எறிந்தான். காவலாளி அவனை விட்டுவிட்டு என்னைத்தான் முறைத்தார். ரயிலில் திரும்பும்போது, உயிர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தேன். தாம்பரம் வருவதற்குள் இருவரும் தூங்கிவிட்டார்கள்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் வீட்டின் சுவர்கள் எழும்பி, மேல்தளத்துக்கான ஜல்லியும் வந்து இறங்கியது. கான்கிரீட்டைத் தாங்கிப் பிடிக்கும் சென்ட்ரிங் பலகைகள் வரத் தாமதமானதால் வேலை இரண்டு வாரம் நின்றது. ஜல்லிக் குவியல் ஒரு பக்கம் சரிந்து, தரையோடு தரையாகப் பரவிக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு பேரும் மனைக்குப் போனோம். உள்ளே கால் வைத்ததுமே ஒரு பறவை தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்த ஆரம்பித்தது. நீண்ட மஞ்சள் கால்கள், கண்ணுக்கு முன்னால் சிவப்பாய் ஒரு மடிப்பு. ஆள்காட்டிக் குருவி. மகன் காதைப் பொத்திக்கொண்டான்.

"அது ஏம்மா நம்மளத் திட்டுது?"

சுவரில் அளவு பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி பதில் சொன்னார். "நாலஞ்சு நாளா இப்படித்தான் கத்திகினு கீதுபா. ஜல்லிகிட்ட போனா மண்டையிலயே கொத்த வருது. அங்கதான் எங்கியோ முட்ட வுட்டுகீது."

ஆளுக்கொரு பக்கமாய் நின்று தேடினோம். மகள்தான் கண்டுபிடித்தாள். "இதோ இருக்கும்மா," என்று விரலை நீட்டினாள். அவள் காட்டிய இடத்தையே நெடுநேரம் பார்த்தேன், ஜல்லிதான் தெரிந்தது. பிறகு, அந்தக் கல்லில் நாலு மட்டும் வழவழப்பாக இருப்பது கண்ணில் பட்டது. அதே சாம்பல் நிறம், மேலே கருந்திட்டுகள். கூடு என்று ஒன்றும் இல்லை, ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு பிரசங்கம் ஆரம்பித்திருப்பேன். அன்று எனக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த வாரம் தளம் போடுவதாக இருந்தது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடிவந்துவிட வேண்டும் என்பது என் கணவரின் கணக்கு. அதனால் பிள்ளைகளிடமே கேட்டேன்: "என்ன பண்ணலாம்? நீங்க சொல்லுங்க."

மகன் முட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பஞ்சில் வைக்கலாம் என்றான். "அப்ப அதோட அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும்," என்றாள் மகள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே மேஸ்திரியிடம் போனாள்.

"அண்ணா, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் ஜல்லியத் தொடாம இருக்க முடியுமா?"

"இன்னாமா இது, நாலு முட்டைக்கோசரம் தளம் நிக்கணுமா?" என்றார் அவர். ஆனால் உடனே என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "சார், சேலையூர்ல எனக்கு ஒரு வேல கீது. இத முடிச்சிட்டு அதுக்குப் போலாம்னு இருந்தேன். மாத்திக்கிறேன். சென்ட்ரிங் மட்டும் பசங்கள வுட்டு அடிக்கச் சொல்றேன்."

கணவர் முட்டைகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "சரி, ஜூலையில குடிபோனா குடி முழுகிடாது," என்றார்.

நாலு கழி நட்டு, தேங்காய்நார்க் கயிற்றால் சுற்றிக் கட்டினோம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்ததும், மூவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாலைக்கு எதிர்ப்புறம் புங்கமரத்தடியில் உட்காருவோம். முதல் இரண்டு நாள் மகன் கால்மணி நேரம்கூட அசையாமல் இருக்கவில்லை. நான் அவனை அதட்டவில்லை. அவன் அசைந்தால் பறவை எழுந்து போய்விடும், அசையாவிட்டால் திரும்பி வந்து உட்காரும். மூன்றாம் நாள் அவனே என்னைப் பார்த்து, "ஷ்" என்றான்.

வெயில் தகித்த ஒரு நாளில்தான் மகள் அதைக் கவனித்தாள். ஒரு பறவை முட்டையின் மேல் இருக்க, இன்னொன்று ஏரிப் பக்கமிருந்து வந்தது. அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. முன்னது எழுந்துகொள்ள, வந்தது முட்டைகளின் மேல் ஈரத்தோடு அமர்ந்தது.

"அம்மா, வயித்த நனைச்சிக்கிட்டு வருதும்மா. முட்டைக்குச் சூடு தாங்காதுன்னு." என்றாள். எனக்கும் அது புதிய செய்திதான்.

மறுநாள் சென்ட்ரிங் ஆட்கள் உடைந்த செங்கல்லையும் காலி சிமெண்டுப் பைகளையும் பாண்டுச் சட்டியில் அள்ளிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பினார்கள். எல்லா மனைக்காரர்களும் அங்கேதான் கொட்டுவார்கள். எங்கள் குப்பையும் அதுவரை அங்கேதான் போயிருந்தது, நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகள் ஓடிப்போய் அவர்களை மறித்தாள்.

"அங்க போடாதீங்க. அதுங்க தண்ணி எடுக்கிற இடம் அது."

நல்லவேளையாக மேஸ்திரி அன்று வந்திருந்தார். செங்கல்லைச் சமையலறைத் தரைக்கு அடியில் நிரப்பச் சொன்னார். பைகளை உதறி மடித்துப் பழைய சாமான் கடைக்குக் கட்டினோம். மகனுக்கு உதறும் வேலை. சிமெண்டுத் தூளில் சாம்பல் பூனை போல் வீடு வந்து சேர்ந்தான்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிறு, குஞ்சுகள் வெளியே வந்தன. நாங்கள் போகும்போது நாலும் உலர்ந்து நின்றிருந்தன, எலுமிச்சம்பழ அளவு பஞ்சுக்கு ஊசிக் கால்கள் முளைத்தது போல. கொஞ்ச நேரத்தில் தாய் முன்னே நடக்க, அவையும் கயிற்றுக்கு அடியில் நுழைந்து சாலையை நோக்கி நடந்தன. அப்பால்தான் ஏரி. அப்போது பார்த்து மணல் லாரி ஒன்று வந்தது.

சென்ட்ரிங்கைச் சரிபார்க்க வந்திருந்த மேஸ்திரி, தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து ஆட்டிக்கொண்டு சாலை நடுவே போய் நின்றார். லாரி நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னா மேஸ்திரி, மந்திரி வராரா?"

"அதவிட பெரிய ஆளுங்கபா. நாலு பேரு. செத்த இரு."

டிரைவர் எட்டிப் பார்த்தார். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கியே வந்துவிட்டார். பின்னால் வந்த பால்காரரும் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றார். மேலே ஒரு பறவை எங்கள் எல்லோரையும் திட்டித் தீர்க்க, கீழே நாலு குஞ்சுகளும் சாலையைக் கடந்தன. கடைசிக் குஞ்சு நடுவில் பயந்து அப்படியே தரையோடு அப்பிக்கொண்டது. மேஸ்திரி துண்டை இறக்காமல் நிற்க, கொஞ்ச நேரத்தில் அது எழுந்து ஓடியது. கோரைப்புல்லுக்குள் அது மறைந்ததும் டிரைவர்தான் முதலில் கைதட்டினார்.

மறுவாரம் தளம் போட்டோம். தளத்தின் மேல் சிமெண்டால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். மறுநாள் காலையில் ஏணியேறிப் பார்த்தால், ஒவ்வொரு பாத்தியிலும் மைனாக்கள் குளித்துக்கொண்டிருந்தன. சிறகை அடித்துத் தண்ணீரைச் சுற்றிலும் இறைத்துக்கொண்டு ஒரே கும்மாளம்.

"எத்தன நாள் தண்ணி இருக்கும்?" என்று மகன் மேஸ்திரியைக் கேட்டான்.

"இருபத்தோரு நாள் கட்டணும் தம்பி. அப்பதான் தளம் கெட்டிப்படும்."

"இன்னும் ரெண்டு நாள் சேத்துக் கட்டினா இன்னும் கெட்டிப்படுமா?"

மேஸ்திரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஏன், இன்னும் ஒரு வாரமே சேத்துக் கட்டலாம்," என்றார்.