உள்ளே இருக்கிற ஜாகா

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவல் காக்கும் ஜாகா, ஹென்றி. மனைவி மோனிக்காவுக்கு லூப்பஸ் நோய். "இவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி ரொம்ப அதிகமா வேலை செய்யுது" என்று டாக்டர் ஷர்மினி சொன்னபோது, நல்லதுதானே என்று ஹென்றி சிரித்துவிட்டார்.

"இல்லைண்ணே. ரத்தத்துல இருக்குற வெள்ளை அணுதான் உடம்புக்கு ஜாகா. கிருமி வந்தா பிடிக்கணும். இந்த ஜாகா ஆள் தெரியாம வீட்டுக்காரங்களையே அடிக்கிறான். கிட்னி கெட்டுப்போச்சு. மருந்து கொடுத்து அவனத் தூங்க வைக்கணும்லா."

தூங்குகிற ஜாகாவை வைத்து என்ன செய்வது? ஹென்றிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் மருந்து வேலை செய்தது. மோனிக்காவின் முகவீக்கம் வடிந்தது.

பிறகு ஹென்றிக்குச் சளி பிடித்தது. வாசலில் இருமிக்கொண்டே போன யாரிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். அவருக்குத் தும்மலோடு போய்விட்டது. அவரிடமிருந்து மோனிக்காவுக்குத் தொற்றி, நுரையீரலில் இறங்கியது.

"மருந்த நிறுத்திட்டா?"

"ஜாகா முழிச்சுக்குவான்ணே. மறுபடி கிட்னியத்தான் அடிப்பான்."

"நிறுத்தலைன்னா?"

டாக்டர் எக்ஸ்ரேயில் வெளுத்துக் கிடந்த நுரையீரலைக் காட்டினார்.

சீருடையைக்கூட மாற்றாமல் ஹென்றி ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றார். மோனிக்காவின் ஜாகா தூங்கிக்கொண்டிருந்தான். விழித்திருந்த ஜாகாதான் கிருமியை வீட்டுக்குள் கூட்டி வந்திருந்தான்.