ஈஸ்டர் கழியும் முன்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பெரியப்பா எதையும் குறைத்துக் கேட்டதே கிடையாது. வளைகுடாவிலிருந்து வந்து புது விசாவுக்குக் காத்திருந்த மனிதர், குறைத்துக் கேட்டால் சபையில் என்ன நினைப்பார்கள்? நான் எட்டாம் வகுப்பு படித்த அந்த வருடம், காணிக்கையாக வந்த ஏத்தன் வாழைக்குலை ஒன்றை யாரும் நெருங்க முடியாத விலைக்கு எடுத்தார். அப்பா அதைச் சுமந்துபோய், ரோட்டோரம் நின்ற பெரியப்பாவின் புதுக் காரில் ஏற்றினார். அப்பா டிக்கியை மூடுவதற்குள் பெரியப்பா கவனிக்காமல் காரைப் பின்னால் எடுத்துவிட்டார். கோயில் மதிலுக்கும் காருக்கும் நடுவில் அப்பாவின் வலது கால் நொறுங்கியது. குலையில் ஒரு காய்கூட நசுங்கவில்லை.

அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. விடியும் முன்பே மலைச்சரிவில் ஏறி இறங்கி மரம் மரமாகப் பட்டையைக் கீற வேண்டும். இனி ஏற முடியுமா என்று அம்மா டாக்டரிடம் கேட்டாள். அவர் சொன்ன பதிலை அம்மா எங்களிடம் சொல்லவில்லை.

பெரியப்பா கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரியில் முதலில் அழுதவர் அவர்தான். ஆனால் மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பேச்செடுத்தால், "கிறிஸ்மஸ் கழியட்டு, இருந்து பேசிக்கிடலாம்" என்பார். கிறிஸ்துமஸ் கழிந்தது. சபையின் கன்வென்ஷன் கூட்டங்கள் கழிந்தன. பிறகு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் வந்தன. லெந்தில் வழக்கு வம்பு பேசுவது எங்கள் சபையில் வழக்கமில்லை. மற்ற நாட்களில் அதற்குக் குறைவுமில்லை. ஈஸ்டர் கழியட்டும் என்றார். போலீஸில் கேஸ் எழுதியிருப்பதால் நஷ்ட ஈடு தானாக வந்துவிடும் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின துக்க வாரத்தில் அம்மா தக்கலைக்குப் போய் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். போலீஸ் கேஸ் வேறு, நஷ்ட ஈட்டு மனு வேறு. முன்பெல்லாம் எப்போது வேண்டுமானாலும் போடலாமாம். இப்போது சட்டம் மாறிவிட்டது, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட்டாக வேண்டும். அம்மா சமையலறைக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். ஆறு மாதம் சரியாக ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையில் வந்து முடிந்தது.

விஷயம் தெரிந்து பெரியப்பா அன்று சாயங்காலமே வந்தார்.

"துக்க வாரத்துலயா ஏட்டி கேஸு? கூடப்பொறந்தவன் மேலயா? நான் திரும்பிப் போவண்டாமா?"

"கேஸுல பேருதான் ஒங்களுக்கது அத்தான். பணம் தரப்போறது இன்சூரன்ஸ்காரன். ஒங்க பயணம் ஒண்ணும் முடங்காது, கேட்டுட்டுதான் வந்தேன்."

பெரியப்பா காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். ஈஸ்டர் கழிந்து போடலாமே என்று அப்பா மெல்ல இழுத்தார்.

"ஈஸ்டர் கழிஞ்சா நீங்க எந்திரிச்சு பால் வெட்டப் போவியளா?"



கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் கோர்ட் திறக்கும் நாளில் போடலாம் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அம்மா அதற்கெல்லாம் மசியவில்லை. புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழனன்று, ஊர் முழுக்கத் திருவிருந்து ஆராதனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அப்பாவை ஊன்றுகோலோடு ஆட்டோவில் ஏற்றினாள். எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன். எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் "கோர்ட்டுக்கு" என்று தெளிவாகச் சொன்னாள். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. பெரியப்பாவைப் பிடித்து ஜெயிலில் போடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்பா கையெழுத்துப் போட்டார், அன்று மத்தியானமே மனு கோர்ட்டில் தாக்கலானது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா ஆப்பம் சுட்டாள். ஈஸ்டருக்கு எங்கள் வீட்டு ஆப்பமும் கோழிக்கறியும் பெரியப்பா வீட்டுக்குப் போவது எப்போதும் உள்ளதுதான். தூக்குவாளியை என் கையில் தந்து, "கொண்டு குடுத்துட்டு வா மக்கா" என்றாள். பெரியம்மா வாங்கிக்கொண்டாள். கொடுத்தனுப்பும் பாத்திரத்தை எங்கள் பக்கம் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். அன்று வெறும் வாளிதான் திரும்பி வந்தது. அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்தாள். "அடுத்த ஈஸ்டருக்கும் நீதான் கொண்டு போவணும்" என்றாள்.

கேஸும் போட்டுவிட்டு ஆப்பமும் கொடுத்தனுப்புகிறாளே, இவளுக்கு வெட்கமே இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. மனு போடாமல் அந்த ஆறு மாதக் கெடு கழிந்திருந்தால் அப்பாவின் ஒவ்வொரு மருந்துச் சீட்டோடும் அந்த வாசலில்தான் அவள் கைநீட்டி நின்றிருக்க வேண்டும். அங்கே ஆப்பத்தோடு மட்டுமே போகவேண்டும் என்றுதான் அம்மா கோர்ட்டுக்குப் போனாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.