அத்தை தோண்டிய இடம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கல் முடிந்த கையோடு அத்தை ஒரு துணிப்பையோடு கோலியனூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் அக்கா. பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாலு நாள் இருந்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் வந்த மறுநாளே வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கொத்த ஆரம்பித்துவிட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காபியைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பாள்.

தக்காளியும் கத்திரியும் நட்டாள். இரண்டும் முழங்கால் உயரம்கூட வரவில்லை, இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அப்பா திண்டிவனத்துக்கு மண்ணை எடுத்துப்போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தார். வந்த அட்டையில் பி.எச். என்று போட்டு எட்டு புள்ளி ஒன்பது என்றிருந்தது. பத்துக்கு எட்டு புள்ளி ஒன்பது! எங்கள் வகுப்பில் யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. நான் கை தட்டினேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஏழுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் காய்கறிக்கு நல்லதாம், அதற்கு மேலே ஏற ஏற மண்ணில் காரமாம். இப்படிக்கூட ஒரு பரீட்சை இருக்குமா என்று எனக்குக் கோபமாக வந்தது.

வைத்தியம் தொடங்கியது. மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, வாங்கியதில் மிச்சமிருந்த ஜிப்சத்தை அத்தை பரவலாகத் தூவிக் கொத்திவிட்டாள். தண்ணீர் கட்டி நிறுத்தி வடித்தாள். பிறகு பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதைத்து, அது என் இடுப்பளவு வளர்ந்ததும் அறுத்து மண்ணுக்குள் மிதித்தாள். யாரையும் கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார், அத்தையின் வீட்டுக்காரர். எனக்கு விழுப்புரத்திலிருந்து அல்வா வாங்கி வருவார். என்னை வாங்க போங்க என்று கூப்பிட்ட முதல் பெரிய மனிதர் அவர்தான், அதனால் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவருடைய பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அத்தை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விடுவாள். அங்கிருந்தே, "மண்ணு செரியாவட்டும், வந்துடுறேன்" என்பாள். மாமா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

குனிந்து கொத்தும்போது அத்தையின் பின்கழுத்தில் ஒரு தழும்பு தெரியும். கேட்டேன். எண்ணெய் தெறித்தது என்றாள். நம்பினேன்.

எனக்குப் பொறுமை கிடையாது, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அத்தையின் பாடு சீக்கிரம் தீரட்டுமே என்று புளித்த மோரைக் கொண்டுபோய் ஊற்றினேன். புளி கரைத்து ஊற்றினேன். அம்மா ஊறுகாய்க்கு வைத்திருந்த எலுமிச்சம்பழம் பதினைந்தையும் பாத்திக்குப் பாத்தி பிழிந்துவிட்டேன். அம்மா கரண்டியோடு துரத்தினாள். அத்தை குறுக்கே வந்து என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு, "இன்னாடி ஜல்தி உனக்கு? அது மெதுவா ஆவட்டும்" என்றாள். இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். அந்த ஆறு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனி முடிகிற சமயம் அப்பா நிலைகொள்ளாமல் ஆகிவிட்டார். தெருவில் அக்காவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போயிருந்தார். "ஆடிப் பட்டம் வந்துடுச்சுக்கா. இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்றார். அத்தை மண் எடுக்கிற பையை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள்.

நான் முருங்கை மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பாத்திப் பக்கமே போகவில்லை. துவைக்கிற கல்லோரம், வருஷக்கணக்காகச் சோப்புத் தண்ணீர் ஓடிக் காரமேறி வெளுத்துப்போய், அருகம்புல்கூட முளைக்காத இடம் ஒன்று உண்டு. அங்கே தோண்டி அள்ளிப் பையை நிரப்பினாள். எனக்குச் சிரிப்பாக வந்தது. இவ்வளவு பெரியவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே! ஐந்தாறு இடத்தில் அரையடிக்குத் தோண்டி, சாக்கில் கொட்டிக் கலந்து, அதில் அரைக் கிலோ எடுக்க வேண்டும் என்று அப்பா முதல் தடவையே எனக்குக் காட்டியிருந்தார். நான் வகுப்பு லீடர் வேறு. தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அத்தை குளிக்கப் போன நேரத்தில் பையைக் கொட்டிவிட்டு, பாத்திகளில் முறைப்படி தோண்டி, கலந்து, நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அட்டை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா பிரித்ததும் அவர் கையிலிருந்து பிடுங்கி நான்தான் உரக்கப் படித்தேன்: ஏழு புள்ளி ஐந்து. "அத்த, மண்ணு செரியாயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

அத்தை அட்டையை வாங்கி, முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். பிறகு பாத்திகளைப் பார்த்தாள். "அப்புறமென்ன, கெளம்பலாமா?" என்று வாசற்படியில் வந்து நின்றார் மாமா. அவர் குரலில் கோபமே இல்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கை கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் துணிப்பையோடு வந்துவிட்டாள். பைக்கில் ஏறுவதற்கு முன்னால் என் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

பைக் சத்தம் மறைந்ததும் அடுப்படிக்கு ஓடினேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு நல்ல காரியத்தை எத்தனை நாள்தான் வயிற்றிலேயே வைத்திருப்பது?

"அத்த தொவைக்கிற கல்லாண்ட தோண்டினாங்கம்மா. நான்தான் நல்ல மண்ணா எடுத்து மாத்தி வெச்சேன்."

மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "கல்லாண்டயா எடுத்தாங்க?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரி இல்லை. கையைத் துடைக்காமலே செல்போனை எடுத்து அத்தையின் நம்பரைத் தேடினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, கூப்பிடாமல் கீழே வைத்தாள்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். கெட்டிக்காரி என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.